நாலாவது வரிசை

பிறந்த நாற்பதாம் நாள் இறந்துபோன குழந்தைக்கு, “உன் ரத்தம்தான்டி எமன்” என்று மருமகள்மேல் பழிபோட்டார் மாமியார்.

மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். தன் ரத்தம், கணவன் ரத்தம், மாமியார் ரத்தம் மூன்றிலும் குழந்தையின் நோய்க்குக் காரணமாகக்கூடிய ஒரு மரபணுவைப் படித்து, அதன் எழுத்துகளை மும்மூன்றாக ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கும்படி கணினியிடம் விட்டாள். நாலு வரிசை வந்தது. நாலாவதற்குப் பெயரில்லை. குழந்தையிடம் யாரும் ரத்தம் எடுத்ததேயில்லை.

நாலாவதில் ஓரிடத்தில் மூன்று எழுத்தைக் காணோம். அதே இடத்தில் கணவனுக்கும் மாமியாருக்கும் ஓட்டை. அவளுடையது மட்டும் முழுசாக இருந்தது.

“அந்த வரிசைய அழிச்சிடும்மா. எங்கம்மா பாத்தா தாங்கமாட்டாங்க,” என்றான் கணவன்.

“நான் மட்டும் கல்லா?”

அவனே அழித்துவிட்டு மறுபடி அடுக்கவிட்டான். நாலு வரிசைதான் வந்தது. இம்முறை அந்தப் பெயரில்லாத வரிசை கடைசியில் இல்லை. அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் நடுவில் வந்து படுத்திருந்தது.