எலும்புக்குள் இளவட்டங்கள்

அவருக்கு அறுபத்தெட்டு வயது. மஜ்ஜைக்கு மட்டும் இருபதாம். அவரே சொன்னார்.

"ஊசி குத்துனாப் போதுங்க டாக்டர், உள்ள இருக்கற இளவட்டம் அத்தனையும் எகிறிக் குதிச்சு வரும். பை பத்தாது. அண்டா கொண்டாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை.

தங்கை துளசிமணிக்கு ரத்தப் புற்று. பொருந்தியது அண்ணனின் செல்கள் மட்டுந்தான்.

"வயசுதான் யோசனையா இருக்குங்க. வயசாக ஆக, நோயோட சண்டை போடற செல்லு மஜ்ஜையில கம்மியாத்தான் உருவாகும். உருவாகறதும் சீக்கிரம் தேறாது."

"அதெல்லாம் மத்தவங்களுக்குங்க."

துளசிமணி தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நம்பாதீங்க டாக்டர். பிரேக் இல்லாம ஊட்டியிலிருந்து பஸ்ஸ எறக்குனேன்னு சொல்ற ஆளு."

"எறக்குனேன்."

செல்களைப் பெருக்க அவருக்கு ஊசி போட்டார்கள். எலும்பெல்லாம் குடைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"பசங்க உள்ள கபடி ஆடறாங்க அம்மிணி. எடம் பத்தல."

ஒருநாள் முழுக்க இயந்திரம் அவர் ரத்தத்தைச் சலித்தது. கிடைத்தது ஒரு சின்னப் பை. தக்காளி ரசத்தின் நிறம்.

அது துளசிமணியின் நரம்பில் இறங்கியது.

அவளுடைய சொந்த மஜ்ஜையை மருந்து ஏற்கெனவே அழித்திருந்தது. இவருடையது பிடிக்காவிட்டால் உள்ளே ஒன்றுமில்லை.

துளசிமணிக்குத் தனியாகக் கண்ணாடி அறை. வெளியே ஒரு பலகை. காலையில் நர்ஸ் வெள்ளணுக்களின் எண்ணிக்கையை அதில் எழுதுவாள்.

பூஜ்யம்.

மறுநாளும் பூஜ்யம்.

அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்து ஃபோனை எடுத்தார்.

"பசங்களுக்கு ஊரு புதுசாச்சே. டீக்கடையில வழி கேட்டுட்டு நிக்கறானுங்க."

"உன்ற பசங்க உன்னையாட்டந்தானே இருப்பானுங்க. வாய் மட்டும்."

அவர் சிரித்தது மூன்று மாடிக்குக் கேட்டது.

அதற்குப் பிறகும் பூஜ்யந்தான்.

வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை.

ஒரு காலை, நர்ஸ் பூஜ்யத்தை அழித்துவிட்டு வேறொன்று எழுதினாள்.

அவர் பலகையையே பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார்.

"சிஸ்டர், பக்கத்து ரூமுது மாறிப்போச்சுங்களா?"

"இல்லீங்கய்யா."

"மறுபடியும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாருங்களே."

"பண்ணியாச்சுங்கய்யா. ஏறியிருக்குது."

"மெஷினு பழசா இருக்கும்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இப்போது எலும்பில் வலி எதுவும் இல்லை.

உள்ளே துளசிமணி ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இந்தப் பக்கத்து ஃபோன் அவர் கைக்கு அகப்பட வெகுநேரம் ஆயிற்று.

"உன்றதுதாண்ணா. நெசமாலுமே வந்துருச்சு."

அவர் மறுபடியும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்புண்ணா."