தள்ளி உட்கார்

கணக்கில் எம்.எஸ்சி. முடித்த பிலோமினாவுக்கு, வேலைப் பதிவு அலுவலகத்தில் கிடைத்த வரிசை எண் ஏழு. அது எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்தே வந்திருந்தாள்.

மதியம், யாருக்கோ வேண்டப்பட்ட ஒருவர் நேராக வந்து முதல் நாற்காலியைக் கேட்டார்.

“எல்லாரும் ஒண்ணு தள்ளிக் குந்துங்க,” என்றார் குமாஸ்தா கண்ணாயிரம். அவள் அட்டையில் ஏழை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார்.

“அப்போ கடைசி ஆளு எங்க சார் குந்துவாரு?” என்று கேட்டாள் பிலோமினா.

“கடைசின்னு ஒருத்தர் இருந்தாத்தானம்மா? எத்தினி பேரு வந்தாலும் எடம் இருக்கு.”

முடிவே இல்லாத வரிசை; கணக்கில் அதற்கு எண்ணத்தக்க முடிவிலி என்று பேர். அதை நிரூபித்துத்தான் அவள் பதக்கம் வாங்கியிருந்தாள். எத்தனை பேர் வந்தாலும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. வேலை உண்டு என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

தள்ளி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. சத்தம் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

வெட்டிய மரங்களைத் தாண்டித் தாண்டி அவள் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நாற்காலிகள் தள்ளும் சத்தம் அவளுக்கு முன்பே கச்சிராயபாளையத்தைக் கடந்து, வெள்ளிமலைச் சாலையில் ஏறிக்கொண்டிருந்தது.