அட்சதை தூவும் அப்பா

மகள் கல்யாணம் வரை இருக்கமாட்டார்கள் என்று மருத்துவர் சான்று கொடுத்த அப்பாக்களை மட்டும்தான் அந்த நிறுவனம் படம் எடுக்கும். பின்னாளில் மணமேடையில் அவர்களைத் தோன்ற வைப்பதற்காக, அட்சதை தூவுவது, கண் துடைப்பது எல்லாவற்றையும் முன்கூட்டியே நடித்துக் கொடுப்பார்கள். அதை வெட்டித் தொகுப்பது நறுமுகையின் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறாள். யாருக்காகச் செய்கிறாள் என்பதைக் கணவனிடம்கூடச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம்.

பெயர் வராது, எண் மட்டும்தான் வரும். இன்று காலை 4417-ஐத் திறந்தாள். பட்டு வேட்டியில், வெறும் காற்றின்மேல் அட்சதை தூவிக்கொண்டிருந்தான் அவள் கணவன் கதிரவன்.

“பொண்ணு கழுத்துல தாலி ஏறுது. அழுங்க சார்” என்றாள் படம் எடுக்கும் பெண்.

“அழுகை வரலம்மா. அவளுக்கு ஆறு வயசு. முன்பல் விழுந்த வாயோடதான் கண்ணுக்குள்ள நிக்கிறா.”

சமையலறையிலிருந்து கதிரவன் கூப்பிட்டான். “முகை, உன் பொண்ணு எனக்கு இட்லி ஊட்டுறா. வந்து பாரேன்!”

‘சரியில்லை, மறுபடி எடுக்கவும்’ என்பதை அழுத்தினாள். வழக்கமாக இரண்டு மாதம் தவணை கிடைக்கும். இம்முறை உடனே பதில் வந்தது.

“இவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. இருப்பதை வைத்து முடிக்கவும்.”

எல்லாக் காட்சியையும் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூட அவன் சிரிப்பு அவன் சிரிப்பாக இல்லை.

சமையலறையில் அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நறுமுகை மைக்கை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவருகே போய் நின்றாள்.