கருங்கடலிலிருந்து வந்த ஒரு பிடி மாவு

தொட்டியை மூடிய துணி அசைகிறதா என்று பாலம்மாள் அடுப்படியில் குனிந்து குனிந்து பார்க்கிறாள். மருமகள் ஹெல்வியின் மரத்தொட்டியில் ஒட்டிக் கிடந்த பழைய மாவை அழுக்கென்று நினைத்து, போன மாதம் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவியவள் அவள்தான். அந்த மாவுதான் அடுத்த ரொட்டியைப் புளிக்கவைக்கும் உறை. ஹெல்வியின் முன்னோர்கள் எஸ்தோனியாவிலிருந்து கருங்கடல் கரைக்குப் பிழைக்கப் போனபோது கையோடு கொண்டுபோனது. நூற்று நாற்பது வருஷமாக அந்தச் சின்ன ஊரில் அவர்கள் பாஷையோடு சேர்ந்து உயிரோடிருப்பது. இப்போது ஹெல்வியின் அம்மா அங்கிருந்து அனுப்பிய ஒரு பிடி காய்ந்த மாவைக் கரைத்துப் பிசைந்து வைத்திருக்கிறார்கள். இதுவும் எழும்பாவிட்டால் கைவசம் வேறு இல்லை. ஜன்னல் வழியே பாபநாசத்து வெயில் துணிமேல் விழுகிறது. சுவரில் சாய்த்து வைத்த கைப்பேசியில் அந்த அம்மாவின் முகம் திரைக்கு வெகு பக்கத்தில் வந்து நிற்கிறது. "நாளைக்குத்தான் பொங்கும் அத்தை. எங்க ஊர்ல ஒரு ராத்திரி முழுக்க ஆகும்," என்கிறாள் ஹெல்வி. "ஒங்க ஊரு குளுருக்கு ஆகும்ட்டி. இங்கன இட்லி மாவு உச்சிவெயிலுக்குள்ள வழிஞ்சு ஓடுது. பைய துணியத் தூக்கு." தூக்குகிறாள். மாவு விளிம்பைத் தொட்டுக்கொண்டு, குமிழ் குமிழாக வெடித்துக்கொண்டிருக்கிறது. புளிப்பு வாசம் குப்பென்று ஏறுகிறது. கைப்பேசிக்குள் அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஹெல்வி தன் பாஷையில் மூச்சுவிடாமல் என்னவோ சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பாலம்மாளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வளையலை மேலே ஏற்றிவிட்டு, மாவில் ஒரு கை அள்ளித் தனிக் கிண்ணத்தில் போட்டு மூடுகிறாள். "ரொட்டிய பொறவு சுடலாம். இது ஒனக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கு."