பதினோராவது விஷயம்

"பதினோராவது விஷயத்தை அடுத்த வாரம் வெச்சுக்கலாம்மா. மணி ஒண்ணரை ஆயிடுச்சு, பசி வயித்தைக் கிள்ளுது" என்று முதலாளி ஃபைலை மூடினார்.

தரப் பரிசோதகர் கையிலிருந்த தாளை மறுபடி மடித்தாள். ஐந்து வாரமாக மடித்து மடித்து, தாள் நடுவில் கிழியத் தொடங்கியிருந்தது.

"சார், அடுத்த செவ்வாய்க்கிழமை லாரி கிளம்பிடும். புதுச் சரக்கைப் பத்தி ரெண்டே நிமிஷம்..."

"எதுவா இருந்தாலும் கூட்டத்துல, வரிசைப்படி. தனியா வந்து காதைக் கடிக்கிற பழக்கம் இங்க வேண்டாம்னுதானே இந்தக் கூட்டமே?"

சரக்கு கடைகளுக்குப் போய்த் திரும்பி வந்தால், அட்டைப்பெட்டியில் இருக்கப் போவது அவள் கையெழுத்து. வீட்டுக்குப் போகச் சொல்வதும் அவளைத்தான்.

திங்கட்கிழமைக் கூட்டம் ஒன்பதரைக்குத் தொடங்கும். ஏழு பேர். விற்பனை மேலாளர் மெத்தை நாற்காலியில் சாய்ந்து தன் ரயில் பயணத்தை நிலையம் நிலையமாகச் சொல்வார். கொள்முதல்காரர் மூன்றாவது விஷயத்தில் தூங்கி எட்டாவதில் விழிப்பார். வடிவமைப்பாளர் எதையும் ஒரு தடவை எதிர்க்காமல் விடமாட்டார்.

"நாலு மணி நேரம் பேசி என்ன முடிவெடுத்தோம்? டீ கப்பை மாத்தலாம்னு!" முதலாளி தலையில் கை வைத்தார். "கூட்டத்தைச் சுருக்க யாராவது ஒரு வழி சொல்லுங்களேன்."

"அதைப் பத்திப் பேச ஒரு தனிக் கூட்டம் போடலாம் சார்" என்றார் விற்பனை மேலாளர்.

மறுபடி தூங்கிப் போயிருந்த கொள்முதல்காரர் விழித்துக்கொண்டு தலையாட்டினார்.

"எங்கிட்ட விடுங்க சார், ஒரே ஒரு வாரம்" என்றாள் அவள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"ரூமைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தறேன். அவ்வளவுதான்."

அடுத்த திங்கள். சுவரில் பெரிய கடிகாரம். வாசலில் கைபேசிகளைப் போட ஒரு கூடை. ஆளுக்கொரு தாளில் பதினோரு வரிகள். நாற்காலிகளுக்குத் தரை வரை தொங்கும் வெள்ளை உறை.

"கல்யாண மண்டபம் மாதிரி இருக்கே!" என்று சிரித்தபடி உட்கார்ந்தார் முதலாளி.

விற்பனை மேலாளர் தொண்டையைச் செருமினார். "போன புதன்கிழமை ரயில்ல ஏறினேனா, எதிர் சீட்ல ஒரு..." இப்படி அசைந்தார், அப்படி அசைந்தார். "அதை விடுங்க. விற்பனை எட்டு சதவீதம் கூடியிருக்கு. அடுத்தது?"

கொள்முதல்காரர் தூங்கவில்லை. இரண்டு தடவை கண்ணை மூடிப் பார்த்து, இரண்டு தடவையும் நிமிர்ந்துவிட்டார்.

"ஆறாவதுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று முதலாளி வடிவமைப்பாளரைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சார். ஏழாவதுக்கும் இல்ல. எட்டாவதையும் சேர்த்தே எழுதிக்குங்க."

பத்து விஷயமும் முடிந்தபோது பெரிய கடிகாரம் ஒன்பது ஐம்பது காட்டியது. அதற்குள் எல்லோருமே ஏதோ ஒரு சாக்கில் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவர் ஜன்னலோரம், ஒருவர் தண்ணீர்க் குடத்தருகே. வடிவமைப்பாளர் சுவரில் சாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்!" முதலாளி கைதட்டினார். "இருபது நிமிஷம்! எதும்மா வேலை செஞ்சுது? கடிகாரமா, கூடையா?"

"ரெண்டும் இல்ல சார்."

"எதுவா இருந்தா என்ன, இனிமே எல்லாக் கூட்டமும் இந்த மாதிரிதான். அட, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே, பதினொண்ணு. சொல்லுங்கம்மா, நின்னுகிட்டே கேக்கறேன்."

அவள் கிழிந்த தாளைப் பிரிக்கவில்லை. நேராகப் போய் முதலாளியின் நாற்காலி உறையை உருவினாள்.

"இதுதான் சார் பதினொண்ணு. நாளைக்கு லாரியில ஏறப்போற நம்ம கம்பெனியோட புது மாடல் நாற்காலி. மூவாயிரம் செஞ்சு வெச்சிருக்கோம், இருபது நிமிஷத்துக்கு மேல ஒருத்தராலயும் உட்கார முடியாது."

வடிவமைப்பாளர் இடுப்பிலிருந்து கையை மெல்ல எடுத்தார்.