தண்ணீர்ப் பாத்தி

"உங்க பேரு கெட்டுடும்னுதானே மேடம் மறைக்கச் சொல்றீங்க?"

கேட்டே விட்டாள் ஜெயசித்ரா. அதுவும் நாலு வருஷமாகத் தன் பிஎச்.டி.க்குக் கைடாக இருக்கிற லீலாவதி மேடத்தின் முகத்துக்கு நேராக.

விஷயம் இதுதான். மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழுவுக்கு லீலாவதி ஓர் இலைச்சாறு மருந்து கண்டுபிடித்திருந்தார். பெரம்பலூர்ப் பக்கம் அதனால் அவருக்கு நல்ல பேர். அந்த மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் ஜெயசித்ராவின் ஆராய்ச்சி.

பூலாம்பாடியில் வீரமுத்து என்ற விவசாயியின் சோளக்கொல்லையில் இருபது பாத்தி. பத்துக்கு மருந்து, பத்துக்கு வெறும் தண்ணீர். ஞாயிறுதோறும் வேப்பந்தட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போய், தெளித்துவிட்டு, செடி செடியாகப் புழு எண்ணினாள். கடைசியில் கூட்டிப் பார்த்தால் ரெண்டிலும் புழு ஒரே அளவு. மருந்தும் தண்ணீரும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

இதை அரியலூர்ப் பயிற்சியில் சொல்லப்போகிறேன் என்றாள். மேடம் வேண்டாம் என்றார்.

"இன்னொரு தடவை கொல்லைக்குப் போய் விசாரிச்சுட்டு வா."

"என்னன்னு விசாரிக்கணும்?"

"நான் சொன்னா நீ நம்ப மாட்ட. நீயே போய்க் கேளு."

நல்லா இருக்கே கதை என்று நினைத்துக்கொண்டாள். அவள் கதவை அறைந்து சாத்தியதில் சுவரில் காலண்டர் ஆடியது. தேதி பன்னிரண்டு.

கைடு கையெழுத்துப் போடாவிட்டால் நாலு வருஷமும் பாழ்தான். போனால் போகட்டும். பொய் எழுதி டாக்டர் பட்டம் வாங்க வேண்டுமென்று அவளுக்கு ஒன்றும் தலையெழுத்து இல்லை.

அடுத்த வாரம் அரியலூரில் ஆராய்ச்சி முறை பற்றி மூன்று நாள் பயிற்சி. சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து அறுபது பிஎச்.டி. மாணவர்கள், கூடவே அவர்களின் கைடுகளும். பயிற்சி கொடுக்க வந்த பேராசிரியர் தமிழ்மாறன் பிரமாதமாகப் பேசினார். எந்தக் கருத்தையும் தப்பு என்று காட்ட ஒரு வழி இருக்கணும், அந்த வழியில் துணிஞ்சு போய்ப் பார்க்கிறவன்தான் விஞ்ஞானி என்று முதல் நாளே அடித்துச் சொன்னார்.

இரண்டாம் நாள் ஜெயசித்ரா மேடை ஏறினாள். எண்ணிக்கையெல்லாம் காட்டினாள். இதைச் சொல்லாதே என்று என் கைடே தடுத்தார், இதோ கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னாள். அரங்கமே கை தட்டியது. சிறந்த ஆய்வுக்கான கேடயம் இந்தப் பெண்ணுக்குத்தான், நாளை நிறைவு விழாவில் கொடுப்போம் என்று தமிழ்மாறன் அங்கேயே அறிவித்தார்.

எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். லீலாவதி டீயைக் குடித்து முடித்தார்.

ஜெயசித்ராவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலமே ஜிலேபிப் பொட்டலத்தோடு பூலாம்பாடிக்குப் போனாள். நிலம் கொடுத்த மனுஷனுக்கு முதலில் சொல்ல வேண்டாமா?

வீரமுத்து கொல்லையில்தான் இருந்தார். ஜிலேபியைக் கடித்தபடி சிரித்தார்.

"நீ பாசாயிருவன்னு தெரியும் பாப்பா. அதுக்குத்தானே அந்தத் தண்ணிப் பாத்திக்கும் நான் மருந்து அடிச்சேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"நீ என் வூட்டுல மிச்சம் வெச்சுட்டுப் போன மருந்துதான். பாதிக் கொல்லைய புழு தின்னுட்டா ஒன்னைய பெயிலாக்கிப்புடுவாங்கல்ல? நீ பஸ் ஏறுனதும் அடிச்சுடுவேன். ஒரு வாரம்கூட விடல."

ஜெயசித்ரா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். இருபது பாத்திக்கும் மருந்து விழுந்திருந்தால் புழு ஒரே அளவாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? மருந்தைச் சந்தேகப்பட்டாள், கைடைச் சந்தேகப்பட்டாள். தினமும் கொல்லையில் கிடந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனுஷனைத் திட்டவும் வாய் வரவில்லை.

மறுநாள் விழா தொடங்கும் முன் தமிழ்மாறனிடம் போய்ச் சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கேடயத்தில் பேர் பொறிச்சாச்சு, பத்திரிகைக்காரங்களும் வந்தாச்சு, இதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா என்றார்.

"ரெண்டு நாளா நீங்க சொல்லிக் குடுத்ததும் அப்புறம்தானா சார்?"

கேடயம் வாங்க மேடைக்குக் கூப்பிட்டபோது மைக்கை அவள் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாள். நேற்று நான் சொன்னது செல்லாது என்று ஆரம்பித்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மேடம் விசாரிக்கச் சொன்னதையும், தான் எகிறிவிட்டு வந்ததையும்கூடச் சொன்னாள். இந்தத் தடவை ஒருத்தரும் கை தட்டவில்லை. யாரோ சிரித்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து லீலாவதி எழுந்தார்.

"அப்ப என் மருந்து வேலை செய்யுதுன்னு எழுதிடலாமா?"

"முடியாது மேடம். அதுவும் இன்னும் தெரியாது. திரும்ப வெதைச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். வேலை செய்யலைன்னா அதையும் இதே மாதிரி மேடையில நின்னு சொல்லுவேன்."

கேடயத்தைத் தொடாமல் இறங்கி வந்தாள். லீலாவதி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

ஆராய்ச்சிக்கு ஆறு மாதம் கூடுதலாகக் கேட்கும் விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் மேடத்தின் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'விவசாயியிடம் நேரில் விசாரித்ததில், தண்ணீர்ப் பாத்திகளுக்கும் அவர் மருந்து தெளித்தது தெரியவந்தது. மாணவி மீது தவறு இல்லை. சோதனையைத் திரும்பச் செய்ய அனுமதி வேண்டுகிறேன்.'

கீழே கைடு கையொப்பமிட்டிருந்தார். தேதி பன்னிரண்டு. ஜெயசித்ரா கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன அதே நாள்.