அக்கா தராத பெண்

"இன்னிக்கே அட்மிட் ஆவணுமாம்பா. பிரஷர் எகிறிடுச்சாம்."

ஆட்டோவிலிருந்து சித்ராவை இறக்கிக்கொண்டே சொன்னான் என் மகன் லோகேஷ். மருமகளுக்கு எட்டாவது மாசம். கால் இரண்டும் வீங்கிப்போய், செருப்பைக் கையில் வைத்திருந்தாள்.

"எட்டாம் மாசத்துல இன்னாடா அட்மிட்டு? உள்ள போனா கத்தியைத் தூக்கிடுவானுங்க. பார்லி கஞ்சி குடிச்சா வீக்கம் வடிஞ்சிடும்."

"தலை ரொம்ப வலிக்குது மாமா. கண்ணு வேற மங்கலா தெரியுது," என்றாள் சித்ரா.

"எங்கம்மா ஆறு பெத்தா. ஆறும் செம்பரம்பாக்கத்துல, ஊட்டுக்குள்ளயே. ஊசி இல்ல, மாத்திரை இல்ல. ஆறு பேரும் இன்னிக்கும் கல்லு மாதிரி கீறோம்."

லோகேஷ் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனான்.

முக்கால் மணி நேரத்தில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் என் அக்கா பூங்காவனம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினோரு வருஷமாக அவளோடு நான் பேசுவதில்லை. அவள் மகள் வசந்தகுமாரியை லோகேஷுக்குக் கேட்டேன். முறைப்பெண்தான். பூ, பழத்தோடு போய் முறையாகத்தான் கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டு, திருவள்ளூரில் யாரோ அந்நியத்தில் கொடுத்தாள். காரணம்கூடச் சொல்லவில்லை. இதையெல்லாம் மறக்கிற ஆள் நான் இல்லை.

"இவளை யாருடா கூப்ட்டது?"

"நான்தாம்பா."

அக்கா என்னைத் தாண்டிப் போனாள். சித்ராவின் காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

"வண்டிக்குச் சொல்லு லோகேசு."

"யாரைக் கேட்டு? ஆறு பெத்தவ வவுத்துல பொறந்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

அக்கா திரும்பினாள். "ஆறா? பத்துடா."

"இன்னா பத்து?"

"எனக்கு முன்னால ரெண்டு. எனக்கும் பெரிய தம்பிக்கும் நடுவுல ஒண்ணு. உனக்கு முன்னால ஒண்ணு. நாலும் போய்டுச்சு. நீ கடைக்குட்டி, உனக்கு எப்டி தெரியும்?"

"புளுவாத."

"பொங்கலுக்குப் பொங்கல் அம்மா படையல்ல ரெண்டு சின்னப் பாவாடை, ரெண்டு சின்னச் சட்டை வெப்பாளே. யாருக்குன்னு நெனச்ச?"

"சாமிக்கு."

"எந்த சாமிடா கைக்கொழந்தை சட்டை போடும்?"

அந்தச் சட்டையைக் கேட்டு அழுது, அம்மாவிடம் அடி வாங்கியவன் நான். அந்தக் கோபமும் எனக்குள் ஒரு ஓரமாக இருந்தது. அது எங்கே போனது என்று தெரியவில்லை.

"செத்ததுங்களைப் பத்திப் பேசக்கூடாதுன்னு அம்மா எங்க வாயைக் கட்டிட்டா. இன்னிக்கு சொல்லித்தான் ஆவணும். ஏரிக்கரையாண்ட பொதைச்சோம். அந்த எடத்துல இப்போ குடோன் நிக்குது. நீ இருக்கறவங்களை எண்ணிகினு பெருமை பேசற. போனதுங்க எழுந்து வந்து பேசுமா?"

சித்ரா சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"வண்டிக்குப் போன் பண்ணுடா! நிக்கிறான் பாரு மரம் மாதிரி!" என்று கத்தினது நான்தான்.

சாயங்காலம் நாலரை மணிக்கு, கத்தி வைத்துத்தான், பெண் குழந்தை பிறந்தது. ஒண்ணே முக்கால் கிலோ.

"இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா ரெண்டு உயிருக்குமே ஆபத்து. இப்ப பயமில்ல. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்றார் டாக்டரம்மா.

லோகேஷ் பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். நான் தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். அக்கா யாரிடமோ டீ வாங்கி வரச் சொல்லி, முதல் கிளாஸை என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். ஊதி ஊதிக் குடித்தேன்.

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள்.

"கொழந்தையோட அப்பா, அம்மா சொந்தமா?"

"இல்லீங்க," என்றான் லோகேஷ்.

"அதுக்கு முன்னால யாராவது சொந்தத்துல கட்டியிருக்காங்களா?"

"எங்கம்மா அவங்க தாய்மாமனைத்தான் கட்டிக்கினாங்க," என்றேன்.

"அவங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

பழக்கத்தில் ஆறு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"பத்தும்மா. தங்கினது ஆறு."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். "நெருங்கின சொந்தத்துல கட்டினா சில குடும்பத்துல இப்படி ஆகும் தாத்தா. அதான் கேக்கறோம். நல்லவேளை, உங்க பையனுக்கு வெளியில பொண்ணு எடுத்தீங்க."

அவள் போய்விட்டாள். நான் எங்கே எடுத்தேன்? மெதுவாக அக்கா பக்கம் திரும்பினேன்.

"இதுக்குத்தான் உம் பொண்ணைத் தரலையா?"

பதினோரு வருஷத்தில் சண்டைக்கு இல்லாமல் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலாவது போனப்ப அந்தக் காலத்து டாக்டரம்மா ஒருத்தி இதைத்தான் அம்மாகிட்ட சொல்லிச்சாம். எம் பொண்ணு வயசுக்கு வந்தன்னிக்கு, சொந்தத்துல குடுக்க மாட்டேன்னு அம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிகினா. உனக்குக் காரணம் சொல்லணும்னா செத்ததுங்களைச் சொல்லணும். நீ என்னைத் திட்டிகினே இருந்துட்டுப் போ, உன் ஊட்ல புள்ளைங்க தங்கினா போதும்னு வுட்டுட்டேன்."